சாபூத்ரி தெரியாத பிள்ளை

பச்சைமுத்துவிடம் ஊர் உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். கண்டமங்கலத்தைச் சுற்றி எந்த வீட்டில் கறவை நின்றுபோன மாடு நிற்கிறது, எவன் வண்டி டயர் வழுக்கையாகிவிட்டது, எந்த வளைவில் போலீஸ்காரர் நிற்கிறார், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான். 'உம் பொண்ணு இன்னாப்பா படிக்குது?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. உடனே தோளில் கிடக்கிற துண்டை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. படிக்கவில்லை என்றால் அது பொய். சங்கவிக்கு ஒன்பது வயது. பேப்பரை மேலிருந்து கீழ் வரைக்கும் வாசிப்பாள், கணக்குப் போடுவாள், மழை எப்படி வருகிறது என்று படம் போட்டுச் சொல்லுவாள். படிக்கிறாள் என்று சொன்னாலோ, அடுத்தது 'எந்த ஸ்கூலு?' என்று வரும். 'வூட்லயே' என்றால் கேட்கிறவன் குரலைத் தாழ்த்துவான். 'ஏன், புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?' அந்தக் குரல்தான் பச்சைமுத்துவுக்குப் பிடிக்காது. மாட்டுக்கு ஏதாவது கோளாறு உண்டா என்று தனியாகத் தள்ளிக்கொண்டுபோய் விசாரிக்கிற குரல் அது.

இது செண்பகம் எடுத்த முடிவு. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடியபோது சங்கவி பால்வாடிப் பிள்ளை. எல்லாம் திறந்த பிறகு கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். அதுவரைக்கும் அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை. கேட் வரைக்கும் நன்றாக வரும். கேட்டைப் பார்த்ததும் செண்பகத்தின் முந்தானையை வாயில் கவ்விக்கொள்ளும். பிறகு வாந்தி. தினமும் இதே கதை. கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்த செண்பகம், ஒரு நாள் காலையில் பையை ஆணியில் மாட்டினாள். "இனிமே நானே சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

செண்பகம் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானம் சமையலை முடித்து வைத்துவிட்டுத் திரும்புவாள். அந்த வீட்டில் இரண்டு பையன்கள். பள்ளிக்கூடம் போகிறதில்லை, பெற்றவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். "மரத்துமேல ஒக்காந்துக்கினு பெருக்கல் வாய்ப்பாடு சொல்லுதுங்க. யாரைக் கண்டாலும் பயம் கெடயாது. கண்ணப் பாத்துப் பேசுதுங்க" என்று வந்து வந்து சொல்லுவாள்.

பச்சைமுத்து படித்தது நாலாவது. படிப்பு விஷயத்தில் பன்னிரண்டாவது சொன்னால் நாலாவது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அவனும் தலையை ஆட்டிவிட்டான். ஆனால் செண்பகம் வேலையிலிருந்து வருகிற வரைக்கும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

வண்டி என்றால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. அதில் மாடு ஏற்றுவதும், மாட்டுக்குத் தரகு பேசுவதும்தான் அவன் பிழைப்பு. தரகு என்பது வாயால் பேசுகிற வேலை என்று வெளியாள் நினைத்துக்கொள்கிறான். வாய் சும்மா ஒப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும். விலை பேசுவது கை. விற்கிறவன் கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு, விரலைப் பிடித்துக் கேட்க வேண்டும். இத்தனை விரல் பிடித்தால் இவ்வளவு என்று கணக்கு. சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் முகத்தில் ஒன்றையும் காட்டக் கூடாது. கல்யாண வீட்டு அம்மிக்கல் மாதிரி, யார் எண்ணெய் தடவினாலும் குங்குமம் வைத்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.

சங்கவி இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தே வளர்ந்தாள். புதன்கிழமைச் சந்தையில் அவளுக்குத் தனி மரியாதை. தரகர்கள் எல்லாம் அவளுக்குப் பெரியப்பா, சித்தப்பா, மாமா. "வா கண்ணு, டீ சாப்டறியா?" என்று கேட்டால், "இப்பத்தான் ஆச்சு சித்தப்பா, நீங்க சாப்டுங்க. கால் வலி எப்பிடி இருக்குது?" என்பாள். கேட்டவன் குளிர்ந்துபோவான்.

ஒரு தடவை பஞ்சுமிட்டாய்க்காரன் வந்தபோது அவள் எட்டி எட்டிப் பார்த்தாள். பச்சைமுத்து விளையாட்டாகச் சொன்னான்: "வேணும்னு மூஞ்சில காட்டினா போச்சு கண்ணு. ஆச தெரிஞ்சா அவன் வெலய ஏத்திடுவான். வேணாங்கற மாதிரியே நிக்கணும்." அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் எட்டிப் பார்த்து அவன் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை, அடம் பிடிக்காத பிள்ளை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் மாசிலாமணி பைக்கில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிற வேலை.

சங்கவிதான் முதலில் போனாள். "வாங்க சார். நாற்காலில ஒக்காருங்க, அதுல ஒரு காலு ஆடும், பாத்து. தண்ணி குடிக்கிறீங்களா?"

வாத்தியார் உட்கார்ந்தார், ஆடியது, சமாளித்துக்கொண்டார். ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் வாசித்தாள். கணக்குக் கொடுத்தார். அவர் முடிப்பதற்குள் விடை வந்தது.

"படிப்புல ஒரு கொறையும் இல்லம்மா" என்றார் செண்பகத்திடம். செண்பகத்தின் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் சங்கவியைப் பார்த்து, "உன் ஃப்ரெண்ட்ஸ் பேரெல்லாம் சொல்லு பாப்போம்" என்றார்.

சங்கவி யோசித்தாள். "விருத்தாசலம் பெரியப்பா. அப்புறம் சந்தையில சீட்டு கிழிக்கிற மாமா. அப்புறம் கெழக்கால வூட்டு செவலக் கன்னுக்குட்டி."

"உன் வயசுல யாரும்மா?"

"கன்னுக்குட்டி சின்னதுதான் சார்."

வாத்தியார் சிரிக்கவில்லை. செண்பகத்துக்குச் சுருக்கென்றது. "நாப்பது புள்ளைங்கள ஒரே ரூம்புல அடச்சி கம்னு ஒக்காருன்னு சொல்றீங்களே சார், அதுல மட்டும் இன்னா பழக்கம் வந்துடுது?"

"எங்க ஸ்கூல்ல மொத்தமே இருவத்தி ரெண்டு பேருதாம்மா. கம்னு ஒக்காருன்னு நானும் சொல்லிக்கினுதான் இருக்கேன், எதுவும் கேக்கறதில்ல." வாத்தியார் எழுந்துகொண்டார். "பொங்கல் லீவு முடிஞ்சி திங்கக்கெழம கூட்டிக்கினு வாங்க. வயசுக்குத் தக்க வகுப்பு, நாலாவதுல ஒக்கார வெச்சிக்கறேன். வரலன்னா மேல எழுதி அனுப்பணும். மெரட்டுறேன்னு நெனக்காதீங்க, எனக்கும் மேல ஆளு இருக்குது."

பைக் போன பிறகு செண்பகம் கேட்டாள். "நீங்க இன்னா சொல்றீங்க?"

"பாப்போம்."

"பாப்போம்னா? ஆமாவா, இல்லியா?"

"ஆத்துத் திருநாளுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்."

தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருநாள். பிடாகத்தில் தென்பெண்ணை ஆற்றுக்குச் சுற்று வட்டாரத்துச் சாமியெல்லாம் குளிக்க வரும். திண்டிவனத்தில் இருக்கிற அவன் தங்கை கிருஷ்ணவேணியும் பிள்ளைகளோடு வருவாள், அவள் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து வரும். மாடு வாங்குகிறவன் மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குவான். பிள்ளைகளுக்கு நடுவில் தன் பிள்ளை எப்படி நடக்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் தெளிந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான்.

அதற்குள் சும்மா இராமல் சந்தையில் நாலு பேரிடம் யோசனை கேட்டுவைத்தான். கேட்டிருக்கக் கூடாது.

"எம் பையன் பதினஞ்சு வருஷம் ஸ்கூலு காலேஜின்னு போனான்" என்றார் தரகர் விருத்தாசலம். "வூட்டுக்கு ஒருத்தர் வந்தா ரூம்புக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கிறான். ஒம் பொண்ணு வாங்கன்னு கேக்குது. இன்னாத்துக்குடா ஸ்கூலு?" டீக்கடைக்காரர், "பொண்ணு நாளைக்கு நாலு எடத்துக்குப் போவணும்பா. சேந்து பழகாத புள்ள தனியா நின்னுடும்" என்றார். சீட்டு கிழிக்கிறவர், அனுப்பாவிட்டால் சட்டப்படி குற்றம் என்றார். இன்னொருத்தன், செல்போனிலேயே எல்லாப் பாடமும் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்தையே மூடப்போகிறார்கள் என்றான். பச்சைமுத்து நாலு பேருக்கும் ஆமாம் போட்டான். நாலும் சரியாகத்தான் பட்டது. அதுதான் பேஜாராக இருந்தது.

அவன் படித்த நாலு வருஷத்தை நினைத்துப் பார்த்தான். படிப்பில் மிஞ்சியது என்று பார்த்தால் கையெழுத்தும் பஸ் போர்டும்தான். ஆனால் குமரேசன் மிஞ்சினான். இரண்டாவது படிக்கும்போது பச்சைமுத்துவின் சட்டையைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழித்தவன். போன ஆடியில் இரண்டு மாட்டோடு திண்டிவனம் ரோட்டில் டயர் வெடித்து நின்றபோது, ஒரே ஒரு போனில் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான். வந்தவன் 'டேய் பச்ச' என்றுதான் கூப்பிட்டான். இந்த வயதில் அவனை டேய் என்று கூப்பிட வேறு ஆள் இல்லை. தன் பிள்ளைக்கு நாளைக்கு டயர் வெடித்தால் ஜாக்கி எடுத்துக்கொண்டு வர எந்தக் குமரேசன் இருக்கிறான்?

சரி, அனுப்பிவிடலாம் என்று முடிவு பண்ணுவான். உடனே இன்னொன்று ஞாபகம் வரும். 'சாணி நாத்தம் அடிக்குது, தள்ளி ஒக்காருடா' என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே சிரித்தது. குமரேசனும் சேர்ந்துதான் சிரித்தான். அதற்கப்புறம் பச்சைமுத்து பள்ளிக்கூடம் போகவில்லை. ஜாக்கியும் அங்கேதான் கிடைத்தது, அந்தச் சிரிப்பும் அங்கேதான் கிடைத்தது. இதில் எதைப் பிடித்துக்கொள்வது?

ஆற்றுத் திருநாளன்று மூன்று பேரும் வண்டியின் முன்பக்கம் நெருக்கி உட்கார்ந்துகொண்டு போனார்கள். பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கூட்டம். மணலில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாமிகள் வரிசை கட்டி வந்து குளித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கரும்பு, பலூன், ராட்டினம். போகிற வழியெல்லாம் சுருளிக்கிழங்கைக் குவித்துவைத்துக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

கிருஷ்ணவேணி மணலில் ஜமுக்காளம் விரித்துச் சோற்றுக் குண்டானோடு உட்கார்ந்திருந்தாள். "வாண்ணா! இன்னா அண்ணி, இப்பிடி எளச்சிட்ட? ஒத்தப் புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தே கரஞ்சிட்டியா?"

"டியூசனுக்கு அனுப்பிட்டு நிம்மதியா சீரியல் பாத்தா நானும் ஒன்ன மாதிரி ஊதிக்கினு இருப்பேன் வேணி" என்றாள் செண்பகம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

"வாங்கத்த. வண்டி சவுரியமா கெடச்சுதா? மாமா வரலியா?" என்றாள் சங்கவி.

"அய்ய, சம்பந்தியம்மா மாதிரி கேக்குது பாரு!" கிருஷ்ணவேணி மோவாயில் கை வைத்தாள். "போடி, போய் புள்ளைங்களோட ஆடு."

கிருஷ்ணவேணியின் பையன் தேவா, பெண் ரோஜா, அவர்கள் தெருப் பையன் பூவரசன், இன்னும் நாலைந்து பேர் மணலில் வட்டமாக நின்றிருந்தார்கள். ரோஜாவுக்கு எட்டு வயது. "சங்கவி, வா, ஓடிப்புடிச்சி!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பச்சைமுத்து கிழங்கை உரித்துக்கொண்டே பார்த்தான். வட்டத்தில் அவளும் நின்றாள். அவனுக்கு மூச்சு லேசானது.

யார் பிடிக்க வேண்டும் என்று பார்ப்பதற்காக எல்லாரும் நடுவில் கையை நீட்டினார்கள். "சா... பூ... த்ரி!"

எல்லாக் கையும் விழுந்தது. சில கை மல்லாந்து, சில கை குப்புற. சங்கவியின் கை மட்டும் இரண்டும் இல்லாமல், விரலைச் சேர்த்துக் குத்துவாட்டத்தில் நீண்டிருந்தது. யாராவது வந்து பிடிக்கட்டும் என்று காத்திருக்கிற கை.

"கையத் திருப்புடி" என்றாள் ரோஜா.

"எப்பிடி?"

"மேலயாவது வெய்யி, கீழயாவது வெய்யி."

"எது வெச்சா நல்லது?"

"நல்லதும் கெடயாது, கெட்டதும் கெடயாது. சொம்மா போடணும்."

"எல்லாரும் பாக்கற மாதிரியேவா?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. "டேய், இவளுக்கு சாபூத்ரி கூடத் தெரியலடா!" என்று பூவரசன் கத்தினான். "எந்த ஸ்கூலு நீ?"

"அவ ஸ்கூலே போறதில்லடா" என்றான் தேவா.

"ஏன், ஃபெயிலா?"

சங்கவி முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "நீங்க ஆடுங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்" என்று ஒரு எட்டு பின்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கிழங்கு பச்சைமுத்துவின் வாயிலேயே நின்றது. நல்ல மாடு ஒன்று கைநழுவிப் போகும்போது சந்தையில் அவன் நிற்பானே, அதே நிற்பு. அதே கைக்கட்டு. தோளைக்கூட அதே மாதிரி ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அதுக்கு சாபூத்ரி சொல்லிக் குடுக்கல?" என்றான் செண்பகத்திடம்.

"அத எவளாவது ஒக்காந்து சொல்லிக் குடுப்பாளா? அது தானா வர்றது."

"தானான்னா, எங்கேந்து?"

செண்பகம் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடிப்புடிச்சி சலித்துப்போய் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு மாறின. மாறிய வேகத்தில் சண்டை. மட்டை தேவாவுடையது, பந்து பூவரசனுடையது. மட்டைக்காரன்தான் முதலில் அடிப்பான் என்று ஒருத்தன்; பந்தைக் கொடுக்காவிட்டால் எதை அடிப்பாய் என்று இன்னொருத்தன். சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சங்கவி நடந்து வந்தாள். அப்பன் தோளிலிருந்து துண்டை உருவினாள். போய் தேவாவின் கைமேல் போட்டாள், உள்ளே கையை விட்டாள். "வாயால சொல்லாத. எத்தினி பாலு வேணும், வெரலப் புடி." பிறகு பூவரசனிடம் போய் அதே மாதிரி. மறுபடி தேவா. மறுபடி பூவரசன். இரண்டு பேரும் சண்டையை மறந்து, என்ன நடக்கிறது என்று தெரியாத முழியோடு விரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"முடிஞ்சிது" என்றாள் சங்கவி. "பந்துக்காரன் மொதல்ல. ஆனா நாலு பாலுதான். மட்டக்காரன் ரெண்டாவது, அவனுக்கு ஆறு. ரெண்டு பேரும் ஒத்துக்கினாச்சு. இனிமே மாத்தக் கூடாது."

பக்கத்து ஜமுக்காளத்தில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் புரையேறிச் சிரித்தார். "யார் வூட்டுப் புள்ளப்பா இது? சந்தைக்கு ஆளு ரெடி!"

"அண்ணா!" கிருஷ்ணவேணி தலையில் அடித்துக்கொண்டாள். "பொம்பளப் புள்ள மாட்டுத் தரகன் மாதிரி துண்டுக்குள்ள கைய விட்டுக்கினு நிக்குது, நீ பல்லக் காட்டிக்கினு இருக்கற!"

அவன் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தான். பெருமையாக இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. "மாட்டுத் தரகன் பொண்ணு வேற எப்பிடி இருக்கும்?" என்றான். செண்பகமும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. பூவரசன் நாலு பந்து அடித்தான். தேவா ஆறு அடித்தான். ரோஜா அடித்தாள், ரோஜாவை விடச் சின்னப் பிள்ளை ஒன்று மட்டையை இரண்டு கையால் தூக்க முடியாமல் தூக்கி அடித்தது. "சங்கவி, நீ அம்பயரு" என்று சொல்லியிருந்தார்கள். தகராறு வரும்போதெல்லாம் அவளிடம் ஓடி வந்தார்கள். அவள் சொன்னாள், கேட்டுக்கொண்டார்கள், திரும்ப ஓடினார்கள். சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் அவள் அந்த இடத்திலேயே நின்றாள். மட்டை எல்லார் கைக்கும் போய் வந்தது, அவள் கைக்கு மட்டும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. பச்சைமுத்துவின் பல் எப்போது உள்ளே போனது என்று அவனுக்கே தெரியாது.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. செண்பகம்தான் ஆரம்பித்தாள். "பாத்தீங்க இல்ல? அத்தினி புள்ளைங்களும் இவ சொன்ன பேச்சக் கேட்டுதுங்க. இதுக்குமேல இன்னா பழக்கம் வேணும்?"

"ம்" என்றான்.

"ம்முன்னா?"

"குயிலாப்பாளையத்துப் பசங்க மரத்துமேல ஒக்காந்து படிக்குதுங்கன்னு சொல்வியே. அந்த மரத்துக்குக் கீழ இன்னா இருக்குது?"

"இன்னா இருக்குது, மண்ணு இருக்குது."

"வேற புள்ளைங்க?"

 "சாயங்காலமானா பத்துப் பதினஞ்சு வரும். சுத்துப்பட்டு எல்லாம் அங்கதான் ஆடும்" என்றாள் செண்பகம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

"நம்மகிட்ட மாடுதான இருக்குது."

இதைச் சொன்ன பிறகும் அவனுக்கு ஒன்றும் தெளியவில்லை. குழப்பம் அவனிடமிருந்து செண்பகத்துக்கும் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். "அவகிட்டயே கேட்டுடுவோம்" என்றான். "கண்ணு, ஸ்கூலுக்குப் போறியா?"

நடுவில் உட்கார்ந்திருந்த சங்கவி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. இருபது வருஷமாக எத்தனையோ முகத்தைப் படித்தவன், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஒன்றும் பிடிபடவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். என்ஜினை நிறுத்தினான். முன்னால் பஸ், பின்னால் கரும்பு லாரி. 

அப்போது சங்கவி அவன் தோளிலிருந்து துண்டை மெதுவாக இழுத்தாள். அவன் கைமேல் போட்டாள். அவள் கை உள்ளே வந்தது. சின்னக் கை, கிழங்குப் பிசுக்கு இன்னும் போகவில்லை. அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு நடுவிரலை மட்டும் விட்டாள்.

பழக்க தோஷம், அவன் மனதுக்குள் அது முதலில் விலையாகத்தான் ஓடியது. அப்புறம்தான் உறைத்தது. ஐந்து விரல், பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நாள். கட்டை விரல் திங்கள். நடுவிரல் புதன். சந்தை நாள்.

அவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. சந்தையில் எவனும் செய்யக் கூடாத வேலையைச் செய்தான். பேச்சு முடிவதற்கு முன்னால் துண்டை உருவி வண்டிக்கு வெளியே எறியப் போனவன், எறியாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டான்.

"இத துண்டு போட்டுப் பேசக் கூடாது கண்ணு. அப்பன் தெரியாத்தனமா ஒனக்கு அதச் சொல்லிக் குடுத்துட்டேன். மூஞ்சப் பாத்து சொல்லு. இன்னா வேணும்?"

அவள் உதடு கோணியது. எத்தனை நாளாக அடக்கிவைத்திருந்தாளோ. "எல்லாரும் என்னிய அம்பயரா நிக்க வெக்கிறாங்கப்பா" என்றாள். "எனக்கும் மட்ட புடிக்கணும்."

செண்பகம் திரும்பினாள். "அப்ப நான் சொல்லிக் குடுக்கறது பத்தலியாடி?"

"பத்துதும்மா. ஆனா நீ ஒருத்திதான இருக்கற."

ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய் முடிகிற வரைக்கும் செண்பகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் தூக்கினார்கள், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "காலைல மறுபடியும் வாந்தி எடுத்தா?" என்றாள் அவள், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாத மாதிரி.

"எடுத்தா வாயக் கொப்புளிச்சிட்டுப் போறேன்" என்றாள் சங்கவி.

"புதன்கெழமையும் போவணும்" என்றான் பச்சைமுத்து, கியரைப் போட்டுக்கொண்டே.

"அது முடியாதுப்பா."

"லீவுல சந்தைக்கு வரலாம்."

"பாப்போம்" என்றாள்.

திங்கட்கிழமை வாந்தி வரவில்லை. சோறும் இறங்கவில்லை. கேட்டுக்கு முன்னால் சங்கவி செண்பகத்தின் முந்தானையைப் பார்த்தாள், கையில் பிடித்தாள், விட்டாள். மாசிலாமணி வாத்தியார் வந்து கூட்டிக்கொண்டு போனார். செண்பகம் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டுக்கு எதிரிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

பச்சைமுத்து எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, ஆயில் பார்க்கிற சாக்கில் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் சிதறி ஓடிவந்தன. சங்கவி சுவரோரமாக வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள். 'கட்டாத கண்ணு, கட்டாத' என்று இவன் வாய்க்குள்ளேயே சொன்னான். நாலைந்து பெண் பிள்ளைகள் வட்டம் போட்டன. ஒன்று திரும்பி இவளைப் பார்த்து என்னவோ கேட்டது. இவள் கையை அவிழ்த்தாள். அதற்குள் புதுச்சேரி பஸ் ஒன்று எதிரில் வந்து நின்று, எவளோ ஒருத்தி மூட்டையோடு இறங்கத் தொடங்கினாள். இறங்கினாள், இறங்கினாள், இறங்கிக்கொண்டே இருந்தாள். பஸ் நகர்ந்தபோது மணி அடித்து மைதானம் காலியாகிவிட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் கேட்டான். "இன்னா கண்ணு, ஆட்டத்துக்குச் சேத்துக்கினாங்களா?"

"இன்னும் பேசிக்கினுதான் இருக்கோம்பா."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்லதா கெட்டதா? பச்சைமுத்து செண்பகத்தைப் பார்த்தான். செண்பகம் அவனைப் பார்த்தாள். பன்னிரண்டாவதுக்கும் தெரியவில்லை, நாலாவதுக்கும் தெரியவில்லை.

சங்கவி பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். "கைய நீட்டுங்க" என்றாள். நீட்டினார்கள். "சா பூ த்ரி." மூன்று கையும் மல்லாந்து விழுந்தது.

"எல்லாரும் ஒரே மாதிரி போட்டா இன்னா பண்றதுப்பா?"

"மறுபடியும் போடணும்."

"எத்தினி வாட்டி?"

அது அவனுக்கும் ஞாபகம் இல்லை. "போட்டுக்கினே இருக்கணும் கண்ணு, மாறி விழற வரைக்கும்" என்றான். மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் மூன்றும் மல்லாந்தே விழுந்தது.